ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த தண்டுவட நீரில் கிருமி வளரவில்லை: பாக்டீரியா மூளை உறை அழற்சி என்று எதை வைத்து முடிவு செய்வது?

கேட்டவர்: பொது மருத்துவ மாணவர்

மூத்த மருத்துவர்களுக்கு வணக்கம். நான் பொது மருத்துவப் பட்டமேற்படிப்பின் முதலாண்டில் இருக்கிறேன். எங்கள் வார்டில் உள்ள ஒரு நோயாளியைப் பற்றி எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்துகள் நிலவுகின்றன. அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு இங்கே கேட்கிறேன்.

நடுத்தர வயது ஆண். சர்க்கரை நோயோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ இல்லை. காய்ச்சல், கடும் தலைவலி, வாந்தி ஆகியவை தொடங்கிய முதல் இரண்டு நாட்களும் வேறோர் இடத்தில் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஒரு கிராம், நாளுக்கு ஒரு முறை என்ற அளவில் ஊசியாகப் போடப்பட்டிருக்கிறது. காய்ச்சல் ஓரளவு தணிந்திருக்கிறது. ஆனால் மூன்றாம் நாள் பேச்சில் தடுமாற்றம் ஏற்பட்டு, வீட்டாரையே ஆள் மாற்றிச் சொல்லத் தொடங்கியதால் எங்களிடம் அழைத்து வந்தார்கள். வந்தபோது நினைவு நிலையை அளக்கும் கிளாஸ்கோ மதிப்பெண் 15க்கு 13. கழுத்து விறைப்பு லேசாக இருந்தது. மூளை உறை அழற்சியைக் காட்டும் கெர்னிக் அறிகுறியும் புருட்ஜின்ஸ்கி அறிகுறியும் இல்லை. கை கால்களில் பலவீனம் இல்லை, வலிப்பும் வரவில்லை. சிடி ஸ்கேனில் குறிப்பிடும்படியாக எதுவும் தெரியவில்லை.

அதன் பிறகு முதுகில் ஊசி செலுத்தித் தண்டுவட நீர் எடுக்கும் லம்பார் பங்க்சர் செய்தோம். நீர் லேசாகக் கலங்கியிருந்தது. வெள்ளையணுக்கள் மைக்ரோலிட்டருக்கு 620, அவற்றில் பாக்டீரியாவை எதிர்க்கும் வகையான நியூட்ரோஃபில் 74 சதவீதம். சர்க்கரை டெசிலிட்டருக்கு 31 மில்லிகிராம். அதே நேரத்தில் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை 112. புரதம் 168. நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக நிறமேற்றும் கிராம் சாயமேற்றலில் கிருமி எதுவும் தெரியவில்லை. 48 மணி நேரம் கடந்தும் கல்ச்சரில் (கிருமி வளர்ப்புச் சோதனையில்) எதுவும் வளரவில்லை.

கல்ச்சரில் வளரவில்லை என்பதால் இது வைரஸாகத்தான் இருக்க வேண்டும், வைரஸ் மருந்தான அசைக்ளோவிர் மட்டும் போதும், ஆன்டிபயாடிக்கை நிறுத்திவிடலாம் என்று ஒரு தரப்பினர் சொல்கிறார்கள். காசநோய் மூளை உறை அழற்சியாக இருக்கலாம், அதற்கான மருந்தைத் தொடங்க வேண்டும் என்று மற்றொரு தரப்பினர் சொல்கிறார்கள். தற்போது செஃப்ட்ரியாக்சோன் இரண்டு கிராம் 12 மணி நேரத்திற்கு ஒரு முறையும், வான்கோமைசின் என்ற மற்றோர் ஆன்டிபயாடிக்கும், அசைக்ளோவிரும் போய்க்கொண்டிருக்கின்றன. அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டான டெக்சாமெத்தசோன் கொடுக்கவில்லை, முன்பே ஆன்டிபயாடிக் பெற்றவருக்கு அதைக் கொடுப்பதில் பொருள் உண்டா என்பதும் எனக்குத் தெளிவாகவில்லை. இந்த நிலையில் எதை நம்பி முடிவெடுப்பது என்று வழிகாட்டுங்கள்.

பதில்: தண்டுவடம் (நரம்பியல் மருத்துவர்)

வணக்கம் டாக்டர். முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: ஆன்டிபயாடிக்கை நிறுத்தாதீர்கள். நீங்கள் எழுதியிருக்கும் எண்கள் பாக்டீரியாவைத்தான் காட்டுகின்றன. கல்ச்சர் முடிவு அதை மறுக்கவில்லை, ஏனென்றால் இந்த நோயாளியில் மறுக்கும் தகுதி அந்தச் சோதனைக்கு இல்லாமல் போய்விட்டது.

சரியான ஆன்டிபயாடிக் உடலில் இறங்கிய பிறகு தண்டுவட நீரிலிருந்து கிருமி எவ்வளவு வேகமாக மறைகிறது என்பதைக் குழந்தைகளில் அடுத்தடுத்து நீர் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மூளை உறை அழற்சி தரும் பாக்டீரியாக்களில் மெனிங்கோகாக்கஸ் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே வளராமல் போய்விடக்கூடும். நியூமோகாக்கஸ் நான்கு மணி நேரத்திலிருந்து மறையத் தொடங்குகிறது. உங்கள் நோயாளியோ இரண்டு நாள் மருந்து பெற்ற பிறகு வந்திருக்கிறார். ஆகவே அவருடைய கல்ச்சரில் எதுவும் வளராதது எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் கிருமி மறைகிற வேகத்தில் அழற்சி மறைவதில்லை. வெள்ளையணுக்கள், அவற்றில் நியூட்ரோஃபில்களின் பங்கு, குறைந்த சர்க்கரை, உயர்ந்த புரதம் ஆகியவை மருந்து தொடங்கிப் பல மணி நேரத்திற்கு, பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்கு, நின்று பேசுகின்றன. மருந்து போட்டாகிவிட்டதே, இனி நீர் எடுத்து என்ன பயன் என்று பலரும் கைவிட்டுவிடுகிற இடத்தில் நீங்கள் நீர் எடுத்தீர்கள். இன்று இந்த விவாதத்தை நாம் நடத்த முடிவதே அதனால்தான்.

இப்போது எண்களைப் பார்ப்போம். சர்க்கரை நோய் இல்லாதவரின் தண்டுவட நீரில் சர்க்கரை, இரத்தச் சர்க்கரையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். இங்கே விகிதம் 0.28. இந்த விகிதம் 0.4க்குக் கீழே போனாலே பாக்டீரியாவை முதலில் நினைக்க வேண்டும். 1989இல் வெளிவந்த ஓர் ஆய்வு, சர்க்கரை 34க்குக் குறைவு, விகிதம் 0.23க்குக் குறைவு, புரதம் 220க்கு மேல், வெள்ளையணுக்கள் 2000க்கு மேல், நியூட்ரோஃபில் 1180க்கு மேல் என்பவற்றில் ஏதேனும் ஒன்று இருந்தாலே வைரஸைவிடப் பாக்டீரியாவாக இருக்கும் உறுதி 99 சதவீதம் என்று காட்டியது. உங்கள் நோயாளி 31 என்ற சர்க்கரை அளவால் அந்த எல்லைக்குள் வருகிறார். ஒரு எச்சரிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன்: அந்த எல்லைகளில் ஒன்றும் இல்லாவிட்டால் பாக்டீரியா இல்லை என்று திருப்பிப் படிக்கக்கூடாது. வைரஸ் அழற்சியிலும் முதல் ஓரிரு நாட்களில் நியூட்ரோஃபில் மிகுந்திருக்கலாம் என்பது உண்மை. ஆனால் அங்கே சர்க்கரை இவ்வளவு குறைவது அரிது. எனவே ஹெர்பிஸ் வைரஸின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனையின் முடிவு வரும்வரை அசைக்ளோவிரைத் தொடருங்கள். அது ஆன்டிபயாடிக்கோடு சேர்ந்து போகவேண்டியது, அதற்கு மாற்றாக அல்ல.

காய்ச்சல் தணிந்தும் சுயநினைவு குன்றியது ஏன் என்பதும் விளங்கிக்கொள்ளத்தக்கதே. நாளுக்கு ஒரு கிராம் என்ற அளவு இரத்தத்திலும் நுரையீரலிலும் உள்ள கிருமிக்குப் பெரும்பாலும் போதும். மூளை உறைக்குள் அது போதாது. இரத்தத்தில் உள்ள செஃப்ட்ரியாக்சோனில் மிகச் சிறிய பங்கே இரத்த-மூளைத் தடுப்பைக் கடந்து செல்கிறது. அந்த நீரில் கிருமியை அழிக்க உதவும் காம்ப்ளிமென்ட் புரதங்களும் எதிர்ப்பொருட்களும் மிகக் குறைவு என்பதால் உடலின் உதவியை எதிர்பார்க்க முடியாது; மருந்தே கிருமியைக் கொன்றாக வேண்டும். கிருமியைக் கொல்லத் தேவையான குறைந்தபட்சச் செறிவைப் போலப் பத்து மடங்கோ அதற்கு மேலோ அந்த நீரில் இருந்தால்தான் செஃப்ட்ரியாக்சோன் போன்ற பீட்டா லாக்டம் மருந்துகள் வேகமாக வேலை செய்கின்றன என்று விலங்கு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதனால்தான் இரண்டு கிராம், 12 மணி நேரத்திற்கு ஒரு முறை. அழற்சி இருக்கும்போது அந்தத் தடுப்பு சற்றுத் தளர்ந்து மருந்தை உள்ளே விடுகிறது. நோயாளி தேறும்போது அது மீண்டும் இறுகிவிடும். அதனால், ஆள் நன்றாக இருக்கிறார் என்று ஐந்தாம் நாள் அளவைக் குறைப்பதும் மாத்திரைக்கு மாற்றுவதும் கூடவே கூடாது. இதைச் சற்று அழுத்தியே சொல்கிறேன். முழு அளவு மருந்து கடைசி நாள்வரை சிரை வழியாகவே போக வேண்டும்.

வான்கோமைசின் சேர்த்தது சரி. பெனிசிலினுக்கும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற செஃபலோஸ்போரின்களுக்கும் கட்டுப்படாத நியூமோகாக்கஸ் இருக்கலாம் என்பதற்காகவே அது சேர்க்கப்படுகிறது. இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துச் சரிசெய்யுங்கள். அசைக்ளோவிரும் சேர்ந்து போவதால் சிறுநீரகத்தின் மீது கண் இருக்கட்டும். நோயாளி ஐம்பது வயதைக் கடந்தவர் என்றாலோ, மதுப்பழக்கமோ எதிர்ப்புச் சக்திக் குறைவோ உள்ளவர் என்றாலோ ஆம்பிசிலின் இரண்டு கிராம் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை சேர்க்க வேண்டும். இத்தகையோரைத் தாக்கக்கூடிய லிஸ்டீரியா என்ற கிருமியின் மீது செஃபலோஸ்போரின் எதுவுமே வேலை செய்யாது. நடுத்தர வயது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பதின் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கெர்னிக், புருட்ஜின்ஸ்கி அறிகுறிகள் இல்லாததற்கு எடை தராதீர்கள். அவை இருந்தால் பொருள் உண்டு. இல்லாததால் எதையும் விலக்க முடியாது. காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவுக் குழப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்து இருந்தவர்கள் 44 சதவீதம் மட்டுமே என்று 2004இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு கூறியது. தலைவலியையும் சேர்த்து நான்கில் குறைந்தது இரண்டு இருந்தவர்களோ 95 சதவீதம்.

டெக்சாமெத்தசோனைப் பற்றிக் கேட்டீர்கள். மருந்து கிருமியை உடைக்கும்போது சிதறும் செல்சுவர்த் துண்டுகள் அழற்சியைத் திடீரெனக் கிளப்பிவிடுகின்றன. அதை அடக்குவதே ஸ்டீராய்டின் வேலை. எனவே அது முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்குச் சற்று முன்போ அதனுடனோ போக வேண்டும். 2002இல் 301 பெரியவர்களிடம் நடந்த ஐரோப்பிய ஆய்வில், 10 மில்லிகிராம் ஆறு மணி நேரத்திற்கு ஒரு முறை என நான்கு நாட்கள் கொடுத்தபோது இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 சதவீதமாகக் குறைந்தது. பலன் பெரும்பாலும் நியூமோகாக்கஸ் நோயாளிகளில்தான் தெரிந்தது. 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி, தவறிப்போனால் ஆன்டிபயாடிக் தொடங்கிய நான்கு மணி நேரம்வரை கொடுக்கலாம் என்கிறது. உங்கள் நோயாளி அந்த எல்லையைத் தாண்டி இரண்டு நாட்கள் ஆகிவிட்டன. இப்போது தொடங்க நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காசநோய்க்கு வருகிறேன். அதன் போக்கு வேறு. நாள்கணக்கில் அல்லாமல் வாரக்கணக்கில் மெல்ல வளரும் தலைவலி, சோர்வு, எடைக் குறைவு, கண்ணை அசைக்கும் நரம்புகளில் பலவீனம், நீரில் லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகை மிகுதி, சர்க்கரை குறைவு, புரதம் மிக உயர்வு. தொடக்கக் கட்டத்தில் நியூட்ரோஃபில் மிகுந்து நம்மைக் குழப்பும் காசநோயும் உண்டு என்பதால் அதை முழுவதும் ஒதுக்கச் சொல்லவில்லை. மூன்று நாள் வரலாறும் இந்த நீரும் சேரும்போது அது இரண்டாம் இடத்தில்தான் நிற்கிறது. சரியான அளவு ஆன்டிபயாடிக் தொடங்கி 48 மணி நேரத்தில் நினைவு தெளியாவிட்டால் மறுபடியும் நீர் எடுங்கள். சர்க்கரை ஏறி, நியூட்ரோஃபில் பங்கு குறைந்திருந்தால் நீங்கள் சரியான வழியில் இருக்கிறீர்கள். சர்க்கரை இன்னும் சரிந்து லிம்ஃபோசைட் கூடியிருந்தால் காசநோய் மருந்தைத் தொடங்க அஞ்ச வேண்டாம். அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து. காசநோய் என்று முடிவானால் ஸ்டீராய்டு தனிக் காரணத்திற்காகச் சேர்கிறது. வியட்நாமில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில் டெக்சாமெத்தசோன் இறப்பைக் குறைத்தது.

சிடி ஸ்கேன் குறித்து ஒரு சொல். உங்கள் நோயாளிக்கு அது முதலில் தேவையா என்பதில் வழிகாட்டிகளே வேறுபடுகின்றன. 2004ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டி நினைவுக் குழப்பம் இருந்தாலே ஸ்கேன் என்கிறது. ஐரோப்பிய வழிகாட்டியோ கிளாஸ்கோ மதிப்பெண் 10க்குக் கீழ், புதிய வலிப்பு, ஒரு பக்கப் பலவீனம், கடுமையான எதிர்ப்புச் சக்திக் குறைவு ஆகியவற்றுக்கு மட்டும் கேட்கிறது. எந்த வழிகாட்டியைப் பின்பற்றினாலும், ஸ்கேனுக்கு அனுப்புவதானால் இரத்தக் கல்ச்சரை எடுத்து, டெக்சாமெத்தசோனையும் ஆன்டிபயாடிக்கையும் கொடுத்த பிறகே நோயாளியின் கட்டில் ஸ்கேன் அறையை நோக்கி நகர வேண்டும். வந்த ஒரு மணி நேரத்திற்குள் முதல் ஊசி போயிருக்க வேண்டும். முதலில் ஸ்கேன், பிறகு நீர், அதன் பிறகே மருந்து என்ற வரிசையில் மணிக்கணக்கான நேரம் கரைந்து போகிறது. அந்தத் தாமதம் இறப்போடு தொடர்புடையது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

கடைசியாக உங்களிடம் ஒரு கேள்வி. இவருடைய காதுக்குள் யாராவது பார்த்தீர்களா? காதில் சீழ் வடிந்த வரலாறு, சைனஸ் தொல்லை, பழைய தலைக்காயம், மூக்கில் தெளிந்த நீர் ஒழுகுதல் ஆகியவற்றைக் குடும்பத்தாரிடம் தனித்தனியாகக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள்.

பதில்: நுண்ணோக்கி (நுண்ணுயிரியல் ஆய்வகம்)

மேலே தண்டுவடம் ஐயா சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். ஆய்வகத்தின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன், ஏனென்றால் மருந்துக்குப் பின் எடுத்த நீரில் கிருமியைக் கண்டுபிடிக்க இன்னும் வழிகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறோம்.

கிராம் சாயமேற்றலில் கிருமி தெரிவது அதன் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஒரு மில்லிலிட்டரில் ஆயிரம் கிருமிகளோ அதற்குக் குறைவோ இருந்தால் நான்கில் ஒரு நீரில்தான் கண்ணுக்குப் படும். ஒரு லட்சத்தைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தெரியும். மருந்து அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் சரிக்கிறது. அதோடு, அடிபட்ட நியூமோகாக்கஸின் செல்சுவர் ஊதாச் சாயத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. ஊதா நிற இரட்டைப் புள்ளிகளாகத் தெரிய வேண்டியவை வெளிறிய இளஞ்சிவப்பாக, சில வேளைகளில் நியூட்ரோஃபிலுக்குள்ளேயே பாதி செரித்த நிலையில் கிடக்கும். நோயாளி ஏற்கெனவே ஆன்டிபயாடிக் பெற்றவர், எந்த மருந்து, எத்தனை நாள் என்பதை விண்ணப்பத் தாளில் எழுதி அனுப்பினால், நாங்கள் நீரைச் சுழற்றி அடியில் படிந்ததிலிருந்து புதிதாகக் கண்ணாடித்தகடு தயாரித்து அதிக நேரம் பார்ப்போம். வெறும் "காய்ச்சல்" என்று எழுதி வரும் தாளுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அதேபோல், கிராம் பாசிட்டிவ் குச்சிகள் தெரிந்தால் தோலிலிருந்து வந்த கலப்படம் என்று தள்ளிவிடும் பழக்கமும் ஆபத்தானது. லிஸ்டீரியா அந்த உருவத்தில்தான் வரும்.

இப்போது உடனே செய்ய வேண்டியது பிசிஆர். உயிருள்ள கிருமி தேவையில்லை, அதன் டிஎன்ஏ இருந்தால் போதும். மருந்து தொடங்கிச் சில நாட்கள் வரையிலும் அது கிடைக்கக்கூடும். முதலில் எடுத்த நீரில் மீதம் இருக்கிறதா என்று ஆய்வகத்தில் விசாரியுங்கள். எஞ்சிய நீரை உறைநிலையில் எடுத்து வைத்திருப்பார்கள். நியூமோகாக்கஸின் ஆன்டிஜனைக் காட்டும் பட்டைச் சோதனையும் தண்டுவட நீரில் நன்றாக வேலை செய்கிறது. பல கிருமிகளை ஒரே நேரத்தில் தேடும் பிசிஆர் தொகுதி உங்களிடம் இருந்தால் பயன்படுத்துங்கள், ஆனால் அதன் எல்லைகளை அறிந்துகொண்டு பயன்படுத்துங்கள். பெரும்பாலான தொகுதிகளில் காசநோய்க் கிருமியும் ஸ்டாஃபிலோகாக்கஸும் இல்லை. எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதையும் அவை சொல்லா. நோயின் முதல் சில நாட்களில் எடுத்த நீரில் ஹெர்பிஸ் தென்படாமல் போகலாம். லாக்டேட் அளவு மருந்துக்கு முன் எடுத்த நீரில் மிகச் சிறந்த துணை, லிட்டருக்கு 3.5 மில்லிமோல் என்பதே வழக்கமான எல்லை. மருந்துக்குப் பின் அது பாதிப் பேரைத் தவறவிடுகிறது. எனவே குறைந்த லாக்டேட்டைப் பார்த்து இந்த நோயாளியில் நிம்மதி அடைய வேண்டாம்.

காசநோயைத் தேடுவதானால் நீரின் அளவுதான் எல்லாம். ஒரு மில்லிலிட்டரை அனுப்பிவிட்டு எக்ஸ்பர்ட் அல்ட்ரா (காசநோய்க் கிருமியின் டிஎன்ஏ சோதனை) நெகட்டிவ் என்று எழுதிக்கொள்வதில் பயனில்லை. குறைந்தது ஆறு மில்லிலிட்டராவது தனியாகக் கொடுங்கள். அப்போதும் நெகட்டிவ் முடிவு காசநோயை விலக்காது.

மறுபடி நீர் எடுக்கும்போது நினைவில் கொள்ளுங்கள்: கல்ச்சருக்கான குழாயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கக்கூடாது. மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் போன்றவை குளிரைத் தாங்கா. செல் எண்ணிக்கைக்கான குழாயும் காத்திருக்கக்கூடாது. அறை வெப்பநிலையில் நியூட்ரோஃபில்கள் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிதைந்துவிடுகின்றன; இரண்டு மணி நேரத்தில் பாதி. உங்கள் நோயாளியின் 620 என்பது எடுத்து எவ்வளவு நேரம் கழித்து எண்ணியது? நேரம் கடந்திருந்தால் உண்மையான எண்ணிக்கை இதைவிடக் கூடுதலாகத்தான் இருந்திருக்கும்.

பதில்: குழந்தைகள் பிரிவு

சுருக்கமாக ஒன்று. மருந்துக்குப் பின் தண்டுவட நீர் எப்படி மாறுகிறது என்பதற்கான சான்றுகளில் பெரும்பகுதி எங்கள் பிரிவிலிருந்து வந்தவை. பன்னிரண்டு மணி நேரத்திற்கு மேல் ஆன்டிபயாடிக் பெற்ற குழந்தைகளின் நீரில் சர்க்கரை சற்று உயர்ந்தும் புரதம் சற்றுக் குறைந்தும் இருந்தன. வெள்ளையணுக்களின் எண்ணிக்கையும் நியூட்ரோஃபில் எண்ணிக்கையும் குறிப்பிடும்படி மாறவில்லை. அந்த வகையில் பார்த்தால், இரண்டு நாள் மருந்துக்குப் பிறகும் சர்க்கரை 31இல் நிற்பது எனக்குக் கவலை தருகிறது.

பச்சிளம் குழந்தைகளைப் பார்ப்பவர்கள் இந்த விவாதத்திலுள்ள எண்களை அப்படியே எடுத்துச் செல்ல வேண்டாம். அவர்களுடைய நீரில் இயல்பான செல் எண்ணிக்கையும் புரதமும் பெரியவர்களைவிடக் கூடுதல். கழுத்து விறைப்பு இருக்காது, காய்ச்சலுக்குப் பதிலாக உடல் குளிர்ந்துகூடப் போகலாம். பால் குடிக்க மறுப்பதும், வழக்கத்துக்கு மாறான அழுகையும், உச்சிக்குழி புடைப்பதும்தான் அறிகுறிகள். செஃப்ட்ரியாக்சோனுக்குப் பதிலாக செஃபோடாக்சிமும் ஆம்பிசிலினும் என்பது அங்கே வழக்கம், ஏனெனில் செஃப்ட்ரியாக்சோன் மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கலாம், கால்சியம் கலந்த திரவத்தோடு சேர்ந்தால் படிந்துவிடலாம்.

பதில்: இரவுப்பணி (தீவிர சிகிச்சைப் பிரிவு செவிலியர்)

மருத்துவர்களின் உரையாடலுக்கு நடுவே வருவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். இத்தகைய நோயாளிகளின் அருகில் இரவு முழுவதும் இருப்பவர்கள் நாங்கள் என்பதால் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

மறுபடியும் முதுகில் ஊசி என்றதும் குடும்பத்தார் மறுப்பதுதான் வழக்கம். கை கால் விழுந்துவிடும் என்ற அச்சம் ஆழமாக இருக்கிறது. ஆபத்து இல்லை என்று பொதுவாகச் சொல்வதைவிட, பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல் இரண்டு எலும்புகளின் மட்டத்திலேயே முடிந்துவிடுகிறது, ஊசி அதற்கும் கீழே மூன்றாவது, நான்காவது எலும்புகளுக்கு இடையில்தான் போகிறது, அங்கே நீரில் மிதக்கும் நரம்பு இழைகள் மட்டுமே இருக்கின்றன, அவை ஊசிமுனைக்கு விலகிக்கொடுக்கும் என்று விரலால் இடத்தைத் தொட்டுக் காட்டிச் சொன்னால் பெரும்பாலானோர் சம்மதிக்கிறார்கள். முதல் முறை எடுத்த பிறகு தலைவலி வந்திருந்தால், அது நோயால் வந்ததா ஊசியால் வந்ததா என்பதையும் பிரித்துச் சொல்லுங்கள். எழுந்து உட்கார்ந்தால் கூடி, படுத்தால் குறைவது ஊசியால் வந்தது. கூர்முனை இல்லாத மெல்லிய ஊசியைப் பயன்படுத்தினால் அது வெகுவாகக் குறைகிறது.

இன்னொன்று, மருந்து நேரம். ஆம்பிசிலின் நான்கு மணி நேரத்திற்கு ஒரு முறை என்று எழுதிவிட்டு நோயாளியை எம்ஆர்ஐக்கு அனுப்பினால் ஒரு வேளை தவறிப்போகிறது. அந்த வேளையைக் கையோடு கொண்டுபோய்ப் போட ஏற்பாடு செய்யுங்கள். வான்கோமைசின் ஒரு கிராமுக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மெதுவாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் முகமும் கழுத்தும் சிவந்து அரித்து, இரத்த அழுத்தம் சரியும். அதை ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் நோயாளி தேவையான மருந்தையே இழந்துவிடுகிறார். மெனிங்கோகாக்கஸாக இருக்கலாம் என்ற ஐயம் உள்ளவரை, சரியான மருந்து தொடங்கிய முதல் 24 மணி நேரம் தனியறையும் முகக்கவசமும் வேண்டும். கிளாஸ்கோ மதிப்பெண்ணை மணிக்கு ஒரு முறை எழுதுகிறோம். ஓர் எண் குறைந்தாலும் எங்களிடமிருந்து அழைப்பு வரும். அப்போது தயவுசெய்து நேரில் வந்து பாருங்கள்.

தொடர்ச்சி: பொது மருத்துவ மாணவர்

அனைவருக்கும் நன்றி. எங்கள் பேராசிரியரிடம் இந்தப் பதில்களைக் காட்டினேன். ஆன்டிபயாடிக்கை நிறுத்தவில்லை. எஞ்சியிருந்த நீரை பிசிஆருக்கு அனுப்பினோம். நியூமோகாக்கஸ் பாசிட்டிவ், ஹெர்பிஸ் நெகட்டிவ். எடுத்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம் கழித்தே செல் எண்ணியிருக்கிறார்கள் என்பதும் தெரியவந்தது. இரத்தக் கல்ச்சரிலும் எதுவும் வளரவில்லை.

தண்டுவடம் ஐயா சொன்னபடி மனைவியிடம் தனியாகக் கேட்டபோது, பல மாதங்களாகவே வலது காதில் அவ்வப்போது சீழ் வடிவதாகவும், பஞ்சு வைத்துக்கொள்வார் என்றும் சொன்னார். காதுக்குள் பார்த்ததில் செவிப்பறையில் துளை. கான்ட்ராஸ்ட் கொடுத்து எடுத்த எம்ஆர்ஐயில் காதுக்குப் பின்னுள்ள வலது மாஸ்டாய்டு எலும்பில் அழற்சி தெரிகிறது. மூளைக்குள் சீழ்க்கட்டி இல்லை. நோயாளி இப்போது வீட்டாரை அடையாளம் கண்டு பேசுகிறார். வயது 46, ஆகவே ஆம்பிசிலின் சேர்க்கவில்லை.

மீதம் மூன்று ஐயங்கள். கிருமி வளராததால் அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று தெரியாத நிலையில் வான்கோமைசினை எப்போது நிறுத்துவது? மொத்தம் எத்தனை நாட்கள்? வீட்டில் உள்ளவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவையா?

பதில்: தண்டுவடம் (நரம்பியல் மருத்துவர்)

நல்ல செய்தி, டாக்டர். அசைக்ளோவிரை நிறுத்திவிடலாம் என்று நினைக்கிறேன். பிசிஆர் ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டது, நோயாளியும் அதற்கேற்பத் தேறுகிறார்.

வான்கோமைசின் கேள்விதான் கடினமானது. கிருமி கையில் இருந்திருந்தால், செஃப்ட்ரியாக்சோனுக்கான அதன் எம்ஐசி (வளர்ச்சியைத் தடுக்கும் குறைந்தபட்ச மருந்துச் செறிவு) மில்லிலிட்டருக்கு 0.5 மைக்ரோகிராமோ அதற்குக் குறைவோ என்று பார்த்து, அன்றே வான்கோமைசினை நிறுத்தியிருப்போம். அது இல்லாதபோது உங்கள் ஆய்வகத்தில் கடந்த சில ஆண்டுகளில் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் வளர்ந்த நியூமோகாக்கஸ்களில் எத்தனை செஃப்ட்ரியாக்சோனை எதிர்த்தன என்று கேளுங்கள். எதிர்ப்பு மிக அரிது என்றால் நிறுத்தலாம். ஓரளவு இருக்கிறது என்றாலோ, அந்தக் கணக்கே இல்லை என்றாலோ, சிறுநீரகம் தாங்கும்வரை இரண்டையும் முழுக்காலமும் தொடர்வதே என் வழக்கம். குறை அளவு செஃப்ட்ரியாக்சோன் போய்க்கொண்டிருக்கும்போதே இவருடைய நிலை மோசமானது என்பதையும் நான் மறக்க மாட்டேன். அளவு போதாததால் அது நடந்திருக்கலாம். கிருமி எதிர்த்ததால் நடக்கவில்லை என்று சொல்ல நம்மிடம் சான்று இல்லை.

காலம்: நியூமோகாக்கஸுக்கு 10 முதல் 14 நாட்கள். கணக்கைச் சரியான அளவு மருந்து தொடங்கிய நாளிலிருந்து எடுங்கள், முதல் இரண்டு நாட்களைச் சேர்க்க வேண்டாம். காதில் மூலம் இருப்பதால் நான் 14ஐத் தேர்ந்தெடுப்பேன். சீழ்க்கட்டி இருந்திருந்தால் கணக்கே வேறு: மெட்ரோனிடசோல் சேர்த்து, இரண்டரை சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை ஊசியால் உறிஞ்சி எடுத்து, ஆறிலிருந்து எட்டு வாரங்கள். அதனால், இனி காய்ச்சல் திரும்பினாலோ, புதிதாக வலிப்போ ஒரு பக்கப் பலவீனமோ தோன்றினாலோ எம்ஆர்ஐயை மறுபடி எடுக்கத் தயங்காதீர்கள். டிஃப்யூஷன் படத்தில் பிரகாசமாகத் தெரிந்தால் சீழ் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நிலையில் படத்தைப் பார்க்காமல் லம்பார் பங்க்சர் செய்யக்கூடாது.

வீட்டாருக்குத் தடுப்பு மருந்து வேண்டாம். அது மெனிங்கோகாக்கஸுக்கும், சிறு குழந்தைகள் உள்ள வீடுகளில் ஹீமோஃபிலஸ் பி வகைக்கும்தான். நியூமோகாக்கஸுக்கு இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரை இப்போதே அழையுங்கள். மாஸ்டாய்டைச் சுத்தம் செய்யாமல் அனுப்பினால் இவர் மறுபடியும் இதே நோயோடு வரலாம். நியூமோகாக்கஸ் தடுப்பூசியும் போட்டுத்தான் அனுப்ப வேண்டும். வலது காதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாமல் இரண்டு காதுகளுக்கும் ஆடியோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். வீடு திரும்புவதற்கு முன் முடியாவிட்டால் நான்கு வாரங்களுக்குள். நியூமோகாக்கஸ் உட்செவியைத் தாக்கும்போது நல்ல காதும் கேட்காமல் போகலாம். கேட்கும் திறன் முற்றிலும் போயிருந்தால் சில வாரங்களிலேயே உட்செவியின் சுருள் பகுதியான காக்ளியாவுக்குள் எலும்பு வளரத் தொடங்கிவிடும். அதன் பிறகு கேட்க உதவும் கருவியான காக்ளியர் இம்ப்ளான்ட்டை உள்ளே செலுத்த இடம் இருக்காது. ஆகவே அந்தச் சோதனைக்கான தேதியை வாய்மொழியாக விடாமல் டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.